எழுதி வாங்காத அனுமதி

தாளாளர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

நடந்தது தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். நான் வேதியியல் டீச்சர். கோயம்புத்தூரில் பதினெட்டு வருடம், மூன்று பள்ளிக்கூடங்களில் பாடம் எடுத்தவள். கணவரோடு சரிப்படவில்லை, பிரிந்துவிட்டோம், அந்தக் கதை இங்கே வேண்டாம். கவுண்டம்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் ஒரு நாயும் இருந்தோம். செம்மண் நிறம். பின்னங்கால் ஒன்றைக் கொஞ்சம் தூக்கித் தூக்கி வைக்கும். மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர்களுடைய பாக்கு குடோனுக்குப் பின்னால் சாக்குக் குவியலில் அடிபட்டுக் கிடந்த குட்டி அது. பெயர் என்று எதையும் வைக்கவில்லை. அம்மணி, அம்மணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் பக்கம் எந்தப் பெண்பிள்ளையையும் அப்படித்தானே கூப்பிடுவோம்.

வளைகுடா நாடு ஒன்றில் நம் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஓட்டலில் நேர்முகம். பள்ளியின் தாளாளரே வந்திருந்தார். அன்னூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் ஒரே ஒரு மோதிரம், குரல் உயராத பேச்சு. காபியை அவரே எடுத்து என் முன்னால் வைத்தார். பாடம் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார். பிறகு குடியிருப்பைப் பற்றிச் சொன்னார். பள்ளி வளாகத்துக்குள்ளேயே வீடு, ஏசி, வாடகை கிடையாது.

நான் கேட்டேன். "சார், என்கிட்ட ஒரு நாய் இருக்குதுங்க. அதைக் கூட்டிட்டு வர முடியும்னா வாரேன். இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, நான் கெளம்பிக்கறேன்."

அவர் சிரித்தார். "நாய்தானுங்களே டீச்சரம்மா? தாராளமாக் கூட்டிட்டு வாங்க. உங்களுக்குக் கீழ் ஊடாப் பாத்துக் குடுக்கச் சொல்றேன். கதவைத் தொறந்தா மண்ணு. நம்ம ஊட்டுலயும் ரெண்டு கெடக்குது, எனக்குத் தெரியாதுங்களா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் அனுமதி கொடுக்க முடியுமா?

பணி நியமனக் கடிதம் மேஜைமேல் இருந்தது. அதில் ஒரு வரி, 'குடியிருப்பின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு' என்று. விதிகள் என்னென்ன என்று நான் கேட்கவில்லை. நாய்க்கு அனுமதி உண்டு என்று அதே தாளில் ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. காபி எடுத்துக் கொடுத்த மனிதர், நம்ம ஊர்க்காரர், வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசுகிறவர். அவரிடம் எழுத்துக் கேட்டால் உன் பேச்சை நம்பவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். எங்கள் ஊரில் கல்யாணம் பேசுவதும் காடு விலை பேசுவதும் வாயால்தான். பேச்சு முடிந்தது என்றால் முடிந்தது. மரியாதையை ஊருக்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அது ஒரு வியாதி. எனக்கும் இருந்தது.

தங்கை ஒருத்திதான் சரியாகச் சொன்னாள். "ஏக்கா, பேசாம இங்க உட்டுட்டுப் போ. பாக்கு காயப்போடற எடத்துல கோழி தொரத்தறதுக்கு ஒரு நாய் வேணும்னு இவரும் சொல்லிட்டே இருக்கறாரு. அது பொறந்த எடந்தானே?"

"என்னைய உட்டு அது இருக்காது," என்றேன்.

"அது இருக்கும். நீதான் இருக்க மாட்டே," என்றாள்.

உண்மை. அப்போதே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இதைப் படிக்கிற யாராவது என்னைத் திட்ட வேண்டுமென்றால் இந்த இடத்தில் திட்டுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

விமானத்தில் ஏற்ற மரப்பெட்டி வேண்டும். உக்கடத்தில் ஒரு பாய் செய்து கொடுத்தார். நாயைக் கொண்டுவரச் சொல்லி, நூல் பிடித்து நீளம் அளந்தார், உயரம் அளந்தார். அதுவும் அசையாமல் நின்றது. "உள்ள நிக்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும் டீச்சர். அந்த மூணும் இல்லைன்னா அது பெட்டியில்லை, சந்தூக்கு," என்றார். சந்தூக்கு என்றால் அவர்கள் இறந்தவர் உடலை வைத்துத் தூக்கிப்போகும் பெட்டி. மூன்றும் இருக்கும்படிதான் செய்தார். உள் ஓரங்களைக் கையால் தடவித் தடவி இழைத்தார், சிராய் குத்தக்கூடாது என்று.

ஒரு மாதம் பழக்கினேன். பெட்டிக்குள் என் பழைய புடவையை விரித்து, பிஸ்கட்டைக் காட்டி, "பெட்டி" என்று சொன்னால் போதும், தானாக உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். நல்ல பிள்ளையாகப் பழக்கிவிட்டேன் என்று எனக்கு அத்தனை பெருமை. ஊசி, ரத்தப் பரிசோதனை, சான்றிதழ்கள், சென்னை வரை வாடகைக் காரில் பயணம் எல்லாம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம்.

சொன்னபடியே கீழ் வீடு. கதவைத் திறந்தால் மண். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பாதிதான் சொல்கிறேன் என்பார்கள். ஒரு வருடமும் சில மாதங்களும் நன்றாகவே இருந்தோம். வெயில் ஏறினால் தரை காலைச் சுடும், அதனால் விடியும்போதே நடந்துவிட்டு வருவோம். மத்தியானம் வீட்டுக்குள் படுத்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு மதில்தான். மதிலில் ஒரு இரும்புக் கதவு. கடைசி மணி அடித்தவுடன் பிள்ளைகள் அந்தக் கதவுக் கம்பியில் முகத்தை வைத்து, "மேம், அம்மணி எங்கே?" என்று கேட்பார்கள். மலையாளப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், இந்திப் பிள்ளைகள். எல்லாம் அம்மணி என்றுதான் கூப்பிடும்.

குடியிருப்புக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. பொள்ளாச்சிக்காரர். குழாய் ஒழுகினால், ஏசி நின்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒவ்வொரு சாவி அவரிடம் இருக்கும், பெரிய வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டியிருப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே அம்மணி வாலை ஆட்டும். "ஏனுங்க டீச்சர், என்னைய விட இதுக்கு மரியாதை ஜாஸ்திங்க இந்தக் காம்பவுண்டுல," என்பார்.

அடுத்தவன் கொடுத்த வீடு எப்படிப்பட்டது என்று தெரியாதவள் இல்லை நான். வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். வேலை போனால் வீடு போகும், அது அங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்பா ஓய்வுபெற்றபோது நாங்களும் காலி செய்தோம். எங்களிடம் ஒரு நாய் இருந்தது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், கீழே போகிற இடத்திலும் வைத்துக்கொள்ள வழியில்லை. லைனில் அதற்கு ஒரு நடைமுறை உண்டு. வீட்டுக்கு அடுத்து வருகிற குடும்பம் நாயையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். சாவி, கோழிக்கூடு, நாய். எங்கள் அம்மா புதிதாக வந்த பெண்ணிடம் நின்று நிதானமாகச் சொன்னாள்: பழைய சோறு தின்னும், கருவாட்டு முள் போடாதே, ஆறு மணிக்குள் உள்ளே போட்டுக் கதவைச் சாத்து, சிறுத்தை வரும். அந்தப் பெண்ணும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எஸ்டேட் நிர்வாகம் ஒன்றும் நல்ல நிர்வாகம் இல்லை. அப்பாவின் முதுகைக் கேட்டால் சொல்லும். ஆனால் அந்த நாய் யாரிடம் போனது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது வருடம் பொதுத்தேர்வு தொடங்கும் சமயம். கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. பள்ளிக்கு அங்கீகாரக் குழு பார்வையிட வருகிறது, குடியிருப்பில் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை, மூன்று நாளில் அகற்றவும். கையெழுத்து தாளாளருடையது. அந்த வாரம் அவர் அங்கேதான் இருந்தார். நேரே அலுவலகத்துக்குப் போனேன். கணக்கர், இரண்டு எழுத்தர்கள், துணை முதல்வர், எல்லாம் நம் ஆட்கள்தான், உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், நீங்கதானே கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

"நானுங்களா? எப்பங்க?"

"ஆர்.எஸ்.புரத்துல. உங்க வாயாலயே. கீழ் ஊடு தர்றேன், கதவைத் தொறந்தா மண்ணுன்னு சொன்னீங்க."

"கீழ் ஊடு குடுத்தனுங்களா இல்லையா?" என்று சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். கணக்கர் சிரித்தார், அவர் சிரிக்கத்தான் வேண்டும். "நாயைப் பத்தி நான் பேசினதா ஞாபகமே இல்லீங்க டீச்சரம்மா. ஏதாச்சும் எழுத்துல இருக்குதுங்களா? இருந்தாக் காட்டுங்க, இந்த நோட்டீஸை நானே கிழிச்சுப்போடறேன்."

எழுத்தில் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

கத்தினேன். அது எனக்கு நன்றாக வரும். அவர் குரல் உயரவே இல்லை. "கோவிச்சுக்காதீங்க கண்ணு. இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?" என்றார். நான் சொன்னேன்: மூன்று நாளில் ஒரு நாயை நாடு கடத்த முடியாது, ஊசிச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும், விமானத்தில் இடம் பிடிக்க வேண்டும், தேர்வு முடிய இன்னும் பத்து நாள், அது முடிந்ததும் நானே ஊருக்குக் கொண்டுபோய்த் தங்கையிடம் விட்டுவிட்டு வருகிறேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "செரிங்க. பரீச்சை முடியட்டும். அதுவரைக்கும் ஆரும் வந்து உங்க கதவைத் தட்ட மாட்டாங்க. போதுங்களா?"

ஒரு முறை பட்டவள்தான் நான். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். "இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க சார்."

அவர் முகம் சின்னதாகிவிட்டது. கோபம் இல்லை. ஏதோ நான் அவருடைய செத்துப்போன அம்மாவைத் திட்டியதுபோல. "என்ர பேச்சு மேல அத்தனை நம்பிக்கை இல்லீங்களா அம்மணி?" என்றார். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துணை முதல்வர், "டீச்சர், அதான் சொல்லிட்டாருல்ல, விடுங்க," என்றார். நான் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்று மாலையே தங்கையிடம் போனில் சொன்னேன், அம்மணி வருகிறாள், இடம் ஒழித்து வை என்று.

ஐந்தாம் நாள் இயற்பியல் தேர்வு. எனக்கு முதல் மாடியில் அறைக் கண்காணிப்பு. போனை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். நடுவில் வெளியே வரக்கூடாது, விதி. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்த விதியை மீறியதில்லை. ஜன்னல்கள் ஏசிக்காக மூடியிருந்தன. முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருக்கும்போது குரைப்புச் சத்தம் கேட்டது.

அம்மணி லேசில் குரைக்காது. அது விமானத்தில் ஏற்றுவதற்காகப் பெட்டியோடு தூக்கிப்போனபோது போட்ட அதே குரல், கேள்வி கேட்பதுபோல இரண்டு இரண்டாக. கூடவே வண்டி கிளம்பும் சத்தம். முன் வரிசையில் ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தினமும் இரும்புக் கதவில் முகம் வைக்கிறவர்களில் ஒருத்தி. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"எழுது," என்றேன்.

அவள் குனிந்து எழுதினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு பையன் கூடுதல் தாள் கேட்டான், கொடுத்தேன். நூல் கேட்டான், கொடுத்தேன். கீழே ஓடியிருந்தால் வண்டியை வாசலில் மறித்திருக்கலாம். இல்லை, மறிக்க முடியாமலும் போயிருக்கலாம். ஆனால் நான் ஓடவில்லை. நாற்பது நிமிடம் கழித்து விடைத்தாள்களை வரிசை எண் பார்த்து அடுக்கி, எண்ணி, கட்டி, அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓடினேன்.

வீடு பூட்டியே இருந்தது. உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பெட்டி மட்டும் இல்லை, அம்மணியும் இல்லை. சோற்றுக் கிண்ணத்தை யாரோ கழுவித் துடைத்து அடுப்படி மேடையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை. யாருக்காகக் கழுவினார்கள்?

மேற்பார்வையாளரைப் பிடித்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார், அதைப் பார்த்து என் கோபம் குறையவில்லை. "சொன்னாங்க, செஞ்சுபோட்டனுங்க. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க ஊர்ல," என்றார்.

"எப்படிப் புடிச்சீங்க?"

"புடிக்கவே வேண்டியதில்லீங்க. நீங்க சொல்ற மாதிரியே பெட்டின்னு சொன்னனுங்க. அதுவாப் போயிப் படுத்துக்கிச்சு."

நான் பழக்கியது. பிஸ்கட் கொடுத்து நான்தான் பழக்கினேன்.

"எங்க கொண்டுபோனாங்க?"

"எனக்கு வண்டி வரைக்குந்தானுங்க வேலை. டிரைவர் பெரியவரோட டிரைவருங்க. அவரும் முன்னாடி உக்காந்துதான் போனாரு."

பெரியவர் என்றால் தாளாளர். அவரே அந்த வண்டியில் போயிருக்கிறார். அவர் அறைக்கு ஓடினேன், விமான நிலையத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன். பார்த்துவிட்டார், நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. இன்றுவரை இல்லை. டிரைவர் என் கண்ணில் படாமலே இருந்தார், அடுத்த வாரமே அவரை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். ஆசிரியர் குழுவில் ஒருவர் எழுதினார், ஒரு நாய்க்காக ஏன் டீச்சர் எல்லார் மனசையும் கஷ்டப்படுத்தறீங்க என்று. அதற்குப் பத்துப் பேர் கட்டை விரல் போட்டார்கள்.

தேடினேன். நகராட்சிக் காப்பகத்தில் போய்ப் பார்த்தேன், அங்கே கொண்டுவரப்படவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டாக்ஸி பிடித்து ஊருக்கு வெளியே போனேன். பழைய இரும்புக் கிடங்குகள், ஒட்டகப் பட்டிகள், தொழிலாளர் முகாம்கள். போனில் போட்டோவைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். ஒரு முகாமில் ஈரோட்டுப் பக்கத்து ஆள் ஒருவர், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சருங்க, இங்க ஆளே காணாமப் போனாலும் தேடறதுக்கு ஆளில்லீங்க. நீங்க நாயைத் தேடறீங்க," என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். பிறகு அவரே போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். மூன்று நான்கு வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது: இந்தப் பக்கம் பார்க்கலீங்க, அந்தப் பக்கம் பார்க்கலீங்க. அந்தப் பள்ளிக்கூடத்தில் இத்தனை பேர் இருந்தும் எனக்குச் செய்தி அனுப்பியது அவர் ஒருவர்தான்.

வெயில் காலம் தொடங்கியது. அந்த ஊர் வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஒரு நாய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும், நான் அறிவியல் படித்தவள். ஆனாலும் போனேன். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டேன்.

தங்கை விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். அன்றைக்கே சொன்னேனே என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் குடோனுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். வேப்ப மரத்தடியில் மூங்கில் வைத்து ஒரு தடுப்பு, மேலே தகரம், கீழே சாக்கு விரித்திருந்தது. "நீ போன்ல சொன்னன்னிக்கே இவரு கட்டிப்போட்டாரு அக்கா. பிரிக்கறதுக்கு ஆருக்கும் மனசு வரலே," என்றாள். அங்கேதான் முதல்முறையாக உட்கார்ந்து அழுதேன்.

செத்திருந்தால் செத்தது என்று இருந்திருப்பேன். புதைத்த இடம் என்று ஒன்று இருக்கும். எனக்கு அதுகூட இல்லை. பெட்டியைத் திறந்துவிட்டார்களா, பூட்டியபடியே வைத்துவிட்டுப் போனார்களா என்றுகூடத் தெரியாது. பெட்டிக்கு வெளியேதான் தாழ்ப்பாள். தூக்கம் வராமல் நான் நினைப்பது அதை மட்டும்தான்.

இப்போது தாளாளர் மறுபடி கோயம்புத்தூர் வருகிறார். அடுத்த கல்வியாண்டுக்கு ஆசிரியர்கள் வேண்டுமாம். சாய்பாபா காலனியில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, குடும்பத்தோடு தங்க வீடு உண்டு, சந்தேகங்களுக்குத் தாளாளரே நேரில் பதிலளிப்பார் என்று விளம்பரம் வந்திருக்கிறது. நானும் வருகிறேன். கடைசி வரிசையில் உட்கார மாட்டேன்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம், சார். வாக்குக் கொடுத்தீர்களா இல்லையா என்ற வழக்கும் வேண்டாம், அதில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். வண்டியின் முன்சீட்டில் நீங்கள் இருந்தீர்கள். எந்த ரோட்டில் போனீர்கள்? எந்த இடத்தில் இறக்கினீர்கள்? தாழ்ப்பாளைத் திறந்துவிட்டீர்களா? என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காபி கொடுத்து, கண்ணு என்று சொல்லிப் பேசினால் கேட்க மாட்டேன். வேலை கேட்டு வந்திருக்கும் அத்தனை டீச்சர்களும் கேட்கும்படி, மேடையில் நின்று, மைக்கில் சொல்லுங்கள்.